தலையில் அடிபட்ட மகனை இறுதிப் போட்டியில் இறக்கலாமா?

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரிலிருந்து தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்து, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகனுக்கு 13 வயது, தரம் 8. பாடசாலையின் 14 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியிலும் ஊர்க் கழகத்தின் சிறுவர் அணியிலும் பின்களத்தில் ஆடுகிறார். எட்டு நாட்களுக்கு முன் கழகத்துக்காக ஆடியபோது, கோர்னரில் இருந்து வந்த பந்துக்கு எழும்பி, எதிரணிப் பையனின் தலையோடு தலை மோதி விழுந்துவிட்டார். மயங்கவில்லை. ஆனால் எழும்பி நின்றவர் தள்ளாடியிருக்கிறார். தன் அணி எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பக்கத்துப் பையனிடம் கேட்டிருக்கிறார். பயிற்றுவிப்பாளர் தலையில் தண்ணீர் ஊற்றி, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, பத்து நிமிடத்தில் திரும்ப இறக்கிவிட்டார். அன்றிரவு தலையிடி, ஒரு தடவை வாந்தி. பிள்ளை நித்திரையாகிவிடக் கூடாது என்று தாய் விடியும் வரை எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாள் தனியார் வைத்தியர் ஒருவர் பனடோல் கொடுத்தனுப்பினார். இப்போதும் பத்து நிமிடம் புத்தகம் பார்த்தால் தலை இடிக்கிறது. தங்கையோடு சின்ன விடயத்துக்கும் எரிந்து விழுகிறார். தாய் அவரை இருட்டறையில் படுக்க வைத்திருக்கிறார். பாடசாலைக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பயிற்றுவிப்பாளர் கணவரின் சித்தப்பா மகன், ஒரு சதம் வாங்காமல் ஊர்ப் பிள்ளைகளைப் பழக்குகிறவர். கணவர் கோட்டருகே நின்று “தலையக் குடுடா” என்று கத்துகிறவர். இன்னும் பத்து நாளில் பாடசாலை அணிக்கு வலய மட்ட இறுதிப் போட்டி. வென்றால் புது பூட்ஸ் என்று தகப்பன் வாக்குக் கொடுத்திருக்கிறார். “மயக்கம் வரல்ல, ரத்தம் வரல்ல, வெயில் தலையிடியப் பெரிசாக்காத” என்கிறார்கள் இருவரும். மகனும் “நான் நல்லாத்தான் இருக்கன்” என்கிறார். போட்டிக்கு விடலாமா, ஸ்கேன் எடுக்க வேண்டுமா, உதைபந்தையே நிறுத்திவிடவா, குடும்பத்துக்குள் பகை வராமல் இதை எப்படிச் சொல்வது என்பவை இந்தத் தாயின் கேள்விகள். பந்தைத் தலையால் முட்டுவதை நினைத்தும் பயப்படுகிறார்.

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்குப் பதில்: விடக் கூடாது. இதில் பேரம் பேச இடமில்லை. கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதிப்படுத்த முடியாது என்பதால் மகனை நேரில் காட்டத்தான் வேண்டும். ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் தள்ளாட்டம், குழப்பம், வாந்தி, படித்தால் வரும் தலையிடி, எரிச்சல் எல்லாம் சேர்ந்து காட்டுவது கன்கஷன் என்று வைத்தியர்கள் சொல்லும் மூளை அதிர்வை.

தலை திடீரென்று அசைந்து நிற்கும்போது மண்டைக்குள் மூளையும் குலுங்குகிறது. கலங்களின் வேலை சில நாட்களுக்குக் குழம்பிப் போகிறது. வெளியே வீக்கமோ காயமோ இருக்க வேண்டும் என்றில்லை. மயக்கமும் வேண்டியதில்லை: மூளை அதிர்வு ஏற்படுபவர்களில் நினைவு தப்புவது பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான். ஆகவே “மயக்கம் வரல்ல” என்பது ஆறுதலே தவிர, ஆதாரம் அல்ல. எந்தப் பக்கம் அடிக்கிறோம் என்று பிள்ளை கேட்டாரே, அந்த ஒரு கேள்வியே அவரை அன்றைக்கு வெளியே எடுக்கப் போதுமான காரணம்.

வெயில் தலையிடி என்பதையும் பார்ப்போம். நம் பக்கம் கச்சான் காற்றுக் காலத்தில் பின்னேர ஆட்டம் முடிந்து தலை இடிக்காத பிள்ளை குறைவு, உண்மைதான். ஆனால் அது நிழலில் இருந்து, தண்ணீர் குடித்து, ஓர் இரவு நித்திரை கொண்டால் போய்விடும். எட்டாம் நாளும் புத்தகத்தைத் திறந்ததும் வருகிற தலையிடிக்கு வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது.

இனி நாட்கணக்கு. அணிக்கென்று வைத்தியர் இல்லாத சாதாரண மைதானங்களுக்காக பிரித்தானியா 2023இல் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. அடிபட்டு 21 நாளுக்கு முன் எந்தப் போட்டியும் இல்லை. அத்தோடு 14 நாள் முழுதாக அறிகுறி எதுவும் இல்லாமல் கழிந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. நம் ஊர்க் கழகங்களுக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை, ஏனென்றால் நம்மிடமும் கோட்டருகே வைத்தியர் இல்லை. நீங்கள் எழுதிய அன்றே தலையிடி நின்றிருந்தாலும், 14 நாள் எண்ணி முடிக்கும்போது இறுதிப் போட்டி முடிந்து நான்கு நாளாகியிருக்கும். கணவருக்கு இந்தக் கணக்கை ஒரு கடதாசியில் எழுதிக் காட்டுங்கள்.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? மூளை ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், மிக அரிதாக மூளை வேகமாக வீங்கி உயிரே போகலாம். அப்படிப் போனவர்களில் அதிகம் பேர் பதின்ம வயதினரும் இளைஞரும்தான். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், நாட்களில் குணமாக வேண்டியது மாதங்களுக்கு இழுபடும். அடிபட்டதும் வெளியே எடுக்கப்பட்டவர்களைவிட, தொடர்ந்து ஆடியவர்களுக்குக் குணமாக ஏறத்தாழ இரு மடங்கு நாள் சென்றதை அமெரிக்க இளம் வீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் மகனுக்கு இப்படி இழுபடுவதற்கு அந்தப் பத்தாவது நிமிடமும் ஒரு காரணமாக இருக்கலாம். அடிபட்ட பிள்ளை பந்தைக் காணவும் விலகவும் சற்றுத் தாமதிப்பார் என்பதால் முழங்கால், கணுக்கால் காயங்களும் கூடும்.

ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியிராது. சீ.டி. ஸ்கேன் தேடுவது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். மூளை அதிர்வு அதில் தெரியாது. ஸ்கேன் சுத்தமாக இருக்கும், பிள்ளைக்குத் தலையும் இடிக்கும். “ஸ்கேன்ல ஒண்டும் இல்ல, இறக்கலாம்” என்று யாராவது சொன்னால் அது பிழையான முடிவு. மண்டைக்கு எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயால் இதில் பயனே இல்லை. தேவையில்லாத கதிர்வீச்சு வளரும் பிள்ளைக்கு நல்லதும் அல்ல.

ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும், இன்றைக்கு என்றாலும், அடுத்த கிழமை என்றாலும், காத்திருக்காமல் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

- தலையிடி கூடிக்கொண்டே போதல், திரும்பத் திரும்ப வாந்தி
- வலிப்பு, எழுப்ப முடியாத நித்திரை, ஆளை அடையாளம் தெரியாமை
- ஒரு கை அல்லது கால் சோர்தல், பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிதல், ஒரு கண்மணி பெரிதாக இருத்தல்
- மூக்காலோ காதாலோ இரத்தம் அல்லது தண்ணீர் போல வடிதல்
- நடுக் கழுத்தில் நோ, கை கால் விறைப்பு

இவை எதுவும் இல்லாவிட்டாலும் இந்தக் கிழமையே மகனைக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். “தலையிடி” என்று மட்டும் சொன்னால் திரும்பவும் பனடோல்தான் கிடைக்கும். “விளையாட்டில் தலையோடு தலை மோதியது, அதற்குப் பிறகு பத்து நிமிடத்தில் திரும்ப ஆடினார், எட்டு நாளாகப் படிக்க முடியவில்லை” என்று திகதியோடு சொல்லுங்கள். விளையாட்டில் இருந்து விலக்கி வைக்கும்படி ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள். அது பிறகு உதவும்.

வீட்டிலும் பாடசாலையிலும்

நித்திரையாக விடக்கூடாது என்பது பழைய நம்பிக்கை. ஆபத்தான அறிகுறி இல்லாத பிள்ளைக்கு நித்திரைதான் மருந்து. முதல் இரவில் கூடவே ஒருவர் படுத்திருந்து, வைத்தியர் சொன்னால் ஓரிரு தடவை எழுப்பிப் பார்த்தால் போதும். நீங்கள் பயத்தில் செய்தது, அதனால் கெடுதி ஒன்றும் நடந்துவிடவில்லை.

இருட்டறையை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். முதல் 24 முதல் 48 மணித்தியாலம் வரைதான் ஓய்வு தேவை. அதற்கு மேலும் அடைத்து வைத்தால் பிள்ளை சோர்ந்து, மனம் கெட்டு, குணமாவது பின்தள்ளும். காலையிலும் பின்னேரமும் 15 அல்லது 20 நிமிடம் வீதியோரமாக நடக்க விடுங்கள். தலையிடி கொஞ்சம் கூடி, ஒரு மணித்தியாலத்துக்குள் பழைய நிலைக்கு வந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் நீடித்தால் அடுத்த நாள் நேரத்தைக் குறையுங்கள்.

பாடசாலைக்கு முதலில் அரை நாள் அனுப்புங்கள். படிப்பு 15 நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் கண்மூடி ஓய்வு என்று தொடங்கிக் கூட்டிக்கொண்டு போகலாம். தவணைப் பரீட்சை இருந்தால் தள்ளி வைக்கும்படி கேளுங்கள். இரவு ரியூசனைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கள். படுக்கைக்குப் போன் போகக் கூடாது. சைக்கிளில் கல்முனை வீதிக்கு ஏறுவது, மாமரம் ஏறுவது, தனியே கடலில் குளிப்பது எல்லாம் நிதானம் வந்த பிறகு. மாமியார் நூல் கட்டிவிடுவதில் ஆட்சேபனை இல்லை. சுளுக்கு எடுக்கிறவரிடம் கொண்டுபோய்க் கழுத்தைத் திருக விடுவதற்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

பனடோல் 500 மில்லிகிராம் குளிசை, 40 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு ஒரு தடவைக்கு ஒன்று. இரண்டுக்கும் இடையில் ஆறு மணித்தியாலம். நாளுக்கு நான்குக்கு மேல் கூடாது. நிறை குறைவென்றால் அளவும் குறையும், வைத்தியரிடம் கேளுங்கள். கிழமையில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்து கொடுத்தால் குளிசையே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும். மைதானத்துக்குப் போகும் முன் குளிசை போட்டு அனுப்புவது அறிகுறியை மறைக்கிற வேலை, அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

மைதானத்துக்குத் திரும்பும் வழி

தலையிடி போனதும் நேரே ஆட்டம் இல்லை. உலக அளவில் விளையாட்டு மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட ஆறு படிகள் உள்ளன. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணித்தியாலம்.

முதல் படி வீட்டு நடமாட்டமும் நடையும். இரண்டாவது, வேகநடையும் மெல்லிய ஓட்டமும். மூச்சு வாங்கினாலும் கதைக்கக்கூடிய அளவுதான். மூன்றாவது, தனியே பந்தோடு ஓட்டம், திரும்பல், கோன் வைத்துப் பந்தைக் காலால் உருட்டிச் செல்லல். யாரும் மோதக்கூடிய இடத்தில் வேண்டாம். இந்த மூன்றையும் மெல்லிய அறிகுறி இருக்கும்போதே, தாங்கும் அளவுக்குச் செய்யலாம். நான்காவது படியில் அணியோடு பாஸ் பயிற்சி, ஆனால் ஆளோடு ஆள் மோதுவதும் இல்லை, பந்தைத் தலையால் முட்டி ஹெட் பண்ணுவதும் இல்லை. இதற்குப் போகும் முன் அறிகுறி முற்றாக நின்றிருக்க வேண்டும்; பாடசாலையில் முழு நாளும் இருந்து படிக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். ஐந்தாவது, வைத்தியர் பார்த்துச் சம்மதித்த பிறகு முழுப் பயிற்சி. ஆறாவது போட்டி, அதுவும் மேலே சொன்ன 21, 14 நாள் கணக்கு முடிந்த பிறகு. நான்கிலோ ஐந்திலோ தலை இடித்தால் மூன்றுக்கு இறங்கித் திரும்பவும் தொடங்க வேண்டும்.

பிழை நடப்பது அநேகமாக நான்காவதில்தான். “சும்மா பாஸ் மட்டும்” என்று தொடங்கி, பத்து நிமிடத்தில் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆட்டமாகிவிடும். அந்த நாட்களில் மகனுக்கு வேறு நிறத்தில் பிப் போட்டு, அவரை யாரும் டெக்கிள் பண்ணக் கூடாது என்று எல்லாப் பையன்களுக்கும் முன்னால் பயிற்றுவிப்பாளரே சொல்ல வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் நான்கு கிழமைக்குள் முழுதாகக் குணமாகிறார்கள். அதற்கு மேலும் தலையிடியோ படிப்பில் சிரமமோ இருந்தால் குழந்தை நல வைத்தியரின் கிளினிக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள்.

கணவரிடமும் மைத்துனரிடமும்

“நான் நல்லாத்தான் இருக்கன்” என்று மகன் சொல்வதை அவர்கள் சான்றாக எடுக்கிறார்கள். அடிபட்ட பிள்ளையிடம் கேட்டு இதை முடிவு செய்ய முடியாது. குழம்பிய மூளையால் தன் குழப்பத்தை அளக்க இயலாது என்பது ஒரு காரணம். இறுதிப் போட்டி, கூட்டாளிமார், தகப்பனின் முகம், பூட்ஸ் எல்லாம் அந்தப் பதிலின் பின்னால் நிற்கின்றன என்பது மற்றது. 13 வயதில் இவை எல்லாவற்றையும் மீறி “ஏலாது” என்று சொல்ல அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்தச் சொல்லைப் பெரியவர்கள் சொல்லிவிட்டால் பிள்ளையின் தோளில் இருந்து ஒரு பாரம் இறங்கும்.

மைத்துனரைக் குற்றவாளியாக்க வேண்டாம். காசு வாங்காமல் பின்னேரம் முழுக்க நம் பிள்ளைகளோடு நிற்கிற மனிதர். யாரும் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மைதானத்தில், மற்றவர்கள் முன்னால் கதைக்காதீர்கள். வைத்தியரின் கடிதம் கையில் வந்த பிறகு, கணவரையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். “இவன் திரும்ப வரத்தான் போறான், அந்த ஆறு படியையும் நீங்கதான் நிண்டு பாக்கணும்” என்று பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். தடை போடுகிறவராக இல்லாமல் குணப்படுத்துகிறவராக அவரை ஆக்கினால் பகைக்கு இடம் குறையும். அதற்கும் அவர் இணங்காவிட்டால், மகன் அந்தக் கழகத்தில் கொஞ்சக் காலம் ஆடாமல் இருப்பதுதான் வழி. உங்கள் சம்மதம் இல்லாமல் பிள்ளையை இறக்கும் உரிமை கழகத்துக்கும் இல்லை, பாடசாலைக்கும் இல்லை. குடும்பத்துக்குள் சில நாள் முகம் கோணினாலும் கோணட்டும்.

கணவரிடம் இரண்டு விடயம் கேளுங்கள். பூட்ஸை வெற்றியில் இருந்து பிரித்துவிடச் சொல்லுங்கள். ஆறாவது படிக்கு வரும் அன்று அது கையில் கிடைக்கட்டும். மற்றது, கோட்டருகே நின்று கத்துவது. கத்துகிற தகப்பனுக்கு மகன் மேல் பாசம் குறைவென்று நான் நினைக்கவில்லை. ஆனால் “தலையக் குடுடா” என்ற குரல் காதில் விழும்போது, பந்துக்கு இன்னொருவரும் எழும்புகிறார் என்பதைக் கவனித்து விலகக்கூடிய பிள்ளையும் விலக மாட்டார்.

காய்ச்சல் என்று பாடசாலைக்குச் சொன்னதைத் திருத்திவிடுங்கள். அடிபட்டது கழகத்தில், அடுத்த போட்டி பாடசாலைக்கு. உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரியாவிட்டால் அவர் நல்ல மனதோடே உங்கள் மகனை இறக்கிவிடுவார். அதிபருக்கும் ஆசிரியருக்கும் இப்படி நான்கு வரி போதும்: “எனது மகன் இன்ன திகதி உதைபந்தாட்டத்தில் தலையில் அடிபட்டு மூளை அதிர்வுக்குச் சிகிச்சை பெறுகிறார். வைத்தியர் எழுத்தில் அனுமதிக்கும் வரை பயிற்சியிலோ போட்டியிலோ அவரைச் சேர்க்க வேண்டாம். படிப்பிடையே ஓய்வெடுக்க அனுமதிக்கவும். வைத்தியரின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது.” ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்திருங்கள்.

உதைபந்தையே நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். ஒரு மூளை அதிர்வு சரியாக ஆறிய பிறகு ஆடலாம். இரண்டாவது, மூன்றாவது என்று தொடர்ந்தால், அல்லது சின்ன அடிக்கும் அறிகுறி வரத் தொடங்கினால் அப்போது நரம்பியல் வைத்தியரோடு இருந்து யோசிக்க வேண்டும்.

ஹெட் பண்ணுவதைப் பற்றிய உங்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஸ்கொட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று 2019இல் கிளாஸ்கோ ஆய்வு காட்டியது. அது வாழ்நாள் முழுக்கப் பந்தை முட்டியவர்களின் கணக்கு. ஊர்க் கழகத்துச் சிறுவனுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அமெரிக்காவில் 2015இல் 10 வயது வரையுள்ளோருக்கு ஹெட் பண்ணுவதைத் தடை செய்து, 11 முதல் 13 வரை பயிற்சியில் குறைத்தார்கள். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்தில் 2020இல் ஆரம்பப் பாடசாலை வயதினரின் பயிற்சியில் இருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

நம் கழகங்களில் செய்யக்கூடியது இது. 12 வயது வரை 4ஆம் இலக்கப் பந்து, 350 முதல் 390 கிராம்; அதற்கு மேல்தான் 410 முதல் 450 கிராம் வரையுள்ள 5ஆம் இலக்கம். மாரியில் மேற்தோல் உரிந்து தண்ணீர் குடித்த பழைய பந்தை ஹெட் பயிற்சிக்கு எடுக்கவே கூடாது. கல்லுப்போல இறுக்கிக் காற்றடிப்பதும் வேண்டாம். 13, 14 வயதினருக்கு முதலில் இலேசான பந்தைக் கையால் எறிந்து, நெற்றியால், வாய் மூடி, கழுத்தை இறுக்கி முட்டப் பழக்க வேண்டும். ஆனால் உங்கள் மகனுக்கு நடந்ததுபோல, மூளை அதிர்வு அதிகம் வருவது பந்தால் அல்ல, தலையோடு தலையும் முழங்கையும் மோதுவதால். ஆகவே பந்துக்கு எழும்பும் முன் சத்தமாக “என்ட!” என்று அழைக்கப் பழக்குவது மேல் சொன்ன எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது.

மைத்துனருக்கு இன்னும் ஒன்று. பிள்ளை தலையில் அடிபட்டு விழுந்தால் ஐந்து கேள்வி: எந்த மைதானம் இது? இப்போது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசி கோல் யார் அடித்தது? போன போட்டி யாரோடு? அதில் வென்றோமா? ஒன்று பிழைத்தாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது. ஐந்தும் சரி, ஆனால் தள்ளாடுகிறார், தலை சுற்றுகிறது என்றாலும் முடிந்ததுதான். சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்கலாம். பிழையாக எடுத்துவிட்டால் நட்டம் ஒரு ஆட்டம் மட்டும். கேள்வி கேட்கும் பொறுப்பைப் பயிற்றுவிப்பாளர் அல்லாத ஒருவரிடம், அந்த ஆட்டத்தில் பிள்ளை இல்லாத ஒரு பெற்றாரிடம் கொடுப்பது நல்லது. கழுத்து நோகிறது என்று சொல்லும் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் இருத்தி ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள். படுத்த இடத்திலேயே தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்து, 1990க்கு எடுத்து, வரும் வரை நிழல் பிடியுங்கள்.

இறுதிப் போட்டியன்று சத்தமும் வெளிச்சமும் மகனுக்குத் தாங்குமானால், அணியோடு பெஞ்சில் இருக்க விடுங்கள், ஆனால் ஜேர்சி போடாமல். ஜேர்சி போட்டிருந்தால் கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது ஒருவருக்கு ஆசை வரும்.